கரம்பொனுக்கு ஒரு மணி நேரம்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த முறுக்குப் பொட்டலங்களை ஒதுக்கிவிட்டு, அடியில் மடித்து வைத்திருந்த வெள்ளைப் பட்டுத் துணியை வெளியே இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பின்னால் நின்ற வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது.

"சீலையோ?"

"இல்லைங்க. ஒரு அம்மாவுக்குச் சுத்துறதுக்கு."

"ஏன், அவவுக்குக் குளிரோ?"

"அவங்க செத்த பிறகு சுத்துறதுக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எப்ப மோசம் போனவ?"

"இன்னும் இல்ல."

பிரித்ததைவிட இரண்டு மடங்கு வேகத்தில் மடித்து உள்ளே வைத்தார். பட்டுக்கு நடுவே இருந்த சின்ன மோதிரப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. போங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார். எனக்கும் அந்த மூட்டையோடு நிற்கப் பிடிக்கவில்லை.

இவை இரண்டையும் கேட்டு அனுப்பியவள் கமலினி. சென்னை ஆழ்வார்பேட்டையில் ஒரு காலத்தில் அவள் வீட்டுச் சனிக்கிழமை விருந்துக்கு அழைப்பு வராதவர்கள், வந்ததாகப் பொய் சொல்வார்கள். நீதிபதி, படத் தயாரிப்பாளர், நாட்டியக்காரி எல்லோரும் வருவார்கள். அவள் சமையல் சுமார்தான். யாரை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் அவள் கைகாரி. கூட வந்தவர் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். பேசாமல் இருந்த இரண்டு சம்பந்திகளை அவள் ஒரே சோபாவில் உட்கார வைத்துப் பேச வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கணவன் போன பிறகு, விருந்துக்கு வந்துகொண்டிருந்த ஓர் ஈரானியப் பெண் மருத்துவர் மூலம் அவள் பஹாய் சமயத்தில் சேர்ந்தாள். அந்தச் சமயத்தில் பூசாரி கிடையாது, மது கிடையாது. விருந்தில் தேநீர் மட்டும் என்று ஆனதும் கூட்டம் பாதியாகி, பிறகு கால்வாசியானது. அப்போது வாரப் பத்திரிகையில் விருந்துப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தவள் நான். கமலினியின் தேநீர்க் கெட்டிலுக்குள் இருப்பது விஸ்கி என்று எழுதினேன். முழுப் பொய். பக்கம் நிரம்ப நாலு வரி குறைந்தது, அதற்காக எழுதினேன். அவளைப் பற்றி நான் எழுதியதில் ஊர் நினைவில் வைத்திருப்பது அந்த நாலு வரியைத்தான். அவள் சண்டைக்கு வரவில்லை. அடுத்த வாரம் வழக்கம்போல அழைத்தாள். அந்தக் கெட்டிலில் இருந்து தன் கையாலேயே எனக்குத் தேநீர் ஊற்றினாள். அன்று முதல் நான் அவளுக்குக் கடன்பட்டவள்.

போன வருடம் வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும், சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு, பிறந்த நாடான இலங்கைக்கே போய்விட்டாள். பிறந்த ஊரான கரம்பொனுக்குப் போகவில்லை. அதையும் தாண்டி, கடலுக்கு அப்பால் இருக்கும் நெடுந்தீவுக்குப் போனாள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. பத்து மாதம் கழித்து எனக்குச் செய்தி வந்தது. 'பட்டும் மோதிரமும் சென்னை வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கு. நீயே கொண்டு வா. லேட் பண்ணாதே.'

பஹாய்களில் இறந்தவரை எரிப்பதில்லை. குளிப்பாட்டி, பருத்தியிலோ பட்டிலோ சுற்றி, விரலில் ஒரு மோதிரம் போட்டு, கல்லோ கெட்டி மரமோ கொண்டு செய்த பெட்டியில் வைத்துப் புதைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. இறந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்கு மேல் உடலைக் கொண்டுபோகக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை.

முதல் நாள், வந்த கையோடு, தீவுகளுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவான் துறைக்குப் பஸ் ஏறினேன். பாதிப் பேர் நயினாதீவு அம்மனுக்குப் போகிறவர்கள். தேங்காய்த் தட்டு, பூ, குழந்தை எல்லாம் என் மடிக்கு வந்தன. சென்னைப் பஸ்ஸில் மடியில் பையை வைத்தாலே முறைப்பார்கள். இங்கே கேட்காமலே குழந்தையை வைத்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் எனக்கு ஒரு பனங்கிழங்கு உரித்துக் கொடுத்தாள். "நாரை இழுத்துப்போட்டுச் சாப்பிடுங்கோ, அக்கா. தொண்டையில சிக்கும்."

வழியில் மண்கும்பானில் பஸ் புகைந்து நின்றது. எல்லோரும் இறங்கிக் கடற்காற்று வாங்கினார்கள். யாருக்கும் அவசரமில்லை. எனக்கு மட்டும்தான் அவசரம். கமலினி 'லேட் பண்ணாதே' என்று எழுதுகிறவள் இல்லை. விருந்துக்குப் பத்து மணிக்கு வந்தாலும் 'நீ வந்த பிறகுதான் களை கட்டுது' என்பவள். கண்டக்டரிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். "வெளிக்கிடும் அக்கா, வெளிக்கிடும்" என்று மூன்று முறையும் ஒரே சிரிப்போடு சொன்னார். துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நெடுந்தீவுப் படகு போய்விட்டிருந்தது. காற்று எழுந்துவிட்டதால் அடுத்தது இன்றைக்கு இல்லை என்றார்கள்.

துறையில் விழித்துக்கொண்டு நின்றபோது, வேட்டி கட்டி, திருநீறு பூசிய உயரமான கிழவர் ஒருவர் நேரே என்னிடம் வந்தார்.

"மெட்ராசில இருந்து வந்த பிள்ளை நீரோ? நான் சிவராசா. கமலியின்ர தமையன். நீர் இண்டைக்கு வாறீர் எண்டு சொன்னவள்."

என் தோளில் இருந்த பையை அவர் வாங்க வந்தார். நான் கொடுக்கவில்லை. உள்ளே இருப்பது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தன் வேனில் என்னைக் கரம்பொனுக்குக் கூட்டிப்போனார்.

பெரிய வீடு. அதில் அவர் ஒருவர்தான். பிள்ளைகள் கனடாவில். தெற்கே காலி நகரில் மரக்காலை என்னும் மரக்கடை நடத்திய குடும்பம் என்பதால் கதவெல்லாம் ஆள் தூக்க முடியாத கனம். அவரே குசினியில் நின்று புட்டும் மீன் குழம்பும் செய்திருந்தார். நான் போதும் என்று சொன்னால் அவருக்கு ஏறவில்லை. 'காணும்' என்று சொல்லப் பழகிய பிறகுதான் கரண்டி நின்றது. சாப்பிடும்போதே விஷயத்துக்கு வந்தார்.

"அவளை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். வரமாட்டன் எண்டு நிக்கிறாள். சரி, அவளின்ர இஷ்டம். ஆனா மோசம் போனா இஞ்சதான் கொண்டுவருவன். அம்மா அப்பா போன சுடலை இருக்கு. கொள்ளி வைக்க நான் இருக்கிறன்."

"அவங்க முறையில எரிக்கக் கூடாதே, ஐயா."

"தெரியும். அவளோட கதைச்சனான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல கொண்டுபோகக் குடாதாம். நான் கேட்டனான், அப்ப ஒரு மணித்தியாலத்துக்குள்ள கரம்பொனுக்குக் கொண்டுவந்தா? அவள் சிரிச்சுப்போட்டு, 'கொண்டுவந்தா உங்கட முறைப்படி செய்யுங்கோ, ஏலாட்டி என்னை இஞ்சையே விடவேணும்' எண்டவள். நானும் ஓமெண்டனான். வாக்கு வாக்குத்தான்."

அப்போதுதான் எனக்கு நெடுந்தீவு புரிந்தது. வழக்கமான படகிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகு புங்குடுதீவு, வேலணை என்று தரை வழி. பகையாளிகளை மேசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பிரித்து வைப்பவள், தன்னையே குடும்பத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு அப்பால் உட்கார வைத்துக்கொண்டாள். கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

சிவராசாவின் போன் அடித்தது. எடுத்தார். "ஓம் தம்பி... ஸ்பீட் போட்தான்... இருபத்தெட்டு நிமிசமோ? வடிவாத் தெரியுமோ?"

வாயில் போட்ட புட்டு எனக்குப் புரையேறியது. அவர் தண்ணீரை என் பக்கம் தள்ளினார்.

இரண்டாம் நாள் காலையில் பெரிய படகில் இருவரும் ஏறினோம். பெண்களை எல்லாம் கீழ்த்தட்டுக்கு அனுப்பினார்கள். சிமெந்து மூட்டை, அரிசி, கோழிக் கூடை, நடுவில் நாங்கள். டீசல் புகை. சின்னச் சன்னலில் ஒரு முறை வானம், ஒரு முறை கடல். எதிரே இருந்த பெண் வாந்தி எடுத்தாள். அவளுக்குக் கை கொடுக்க நான் எழுந்த நேரம் பார்த்துப் படகு சாய்ந்தது. என் பை உருண்டு, தரையில் தேங்கியிருந்த எண்ணெய்த் தண்ணீருக்குள் விழுந்தது. பாய்ந்து பையை எடுத்து, முதலில் மோதிரப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். பட்டின் ஒரு மூலை கறுத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விமானத்தில் கொண்டு வந்ததைக் கடைசிக் கடலில் கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"ஆரிட்டைப் போறியள்?" என்று கேட்டாள், வாந்தி எடுத்துத் தெளிந்த பெண். சொன்னேன். முகம் மலர்ந்தது.

"அலுமாரி அம்மாவிட்டையோ! அந்த அலுமாரியை இந்தப் படகிலதான் ஏத்தினவை. எட்டுப் பேர் தூக்கினது. நாங்கள் எல்லாரும் நிண்டுகொண்டு வந்தனாங்கள். இவ்வளவு பெரிய அலுமாரிக்கை எத்தினை சீலை வைச்சிருப்பா எண்டு கதைச்சுச் சிரிச்சது."

மேல்தட்டுக்கு ஏறி, இறங்கும் இடத்தில் இதைச் சிவராசாவிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. அலுமாரியைக் கரம்பொனிலிருந்து அனுப்பியவர் அவர்தானாம். "சீதனத்துக்கு அப்பா செய்விச்ச அலுமாரி. நல்ல முதிரை மரம். சாகப்போற நேரத்தில சீலை அடுக்க அலுமாரி கேக்கிறாள் எண்டு பேசிப்பேசித்தான் அனுப்பினனான்" என்றார். என் கடிகாரத்தில் பயணம் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.

நெடுந்தீவின் மாவிலித்துறையிலிருந்து, லாண்ட்மாஸ்டர் என்னும் சின்ன உழவு இயந்திரம் இழுக்கும் வண்டியில், கல் வேலிகளுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிப் போனோம். றீற்றா என்ற கத்தோலிக்கப் பெண்ணின் வேலி சூழ்ந்த வளவில் இரண்டு அறை எடுத்து இருந்தாள் கமலினி. றீற்றாவுக்கு ஆறு மாடு, ஒரு நாய். கணவன் கடலுக்குப் போகிறவர்.

வாசலில் ஒரு கதிரையில் கமலினி உட்கார்ந்திருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. ஆனாலும் உதட்டில் சாயம், காதில் முத்து, காலில் குதி உயர்ந்த செருப்பு. மணலிலும் குதிச் செருப்பு! தன் உயரம் 'அஞ்சடி அஞ்சு' என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறவள். செருப்பில்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை.

"என்ன சுமதி, டீசல் குளிச்சிட்டு வந்திருக்கே?" என்னிடம் மட்டும் சென்னைத் தமிழ்.

நான் மோதிரப் பெட்டியைக் கொடுத்து, பட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். கறுத்த மூலையை மூக்குக்குக் கொண்டுபோனாள். "பரவாயில்ல. வாழ்க்கை பூரா சென்ட் போட்டாச்சு." றீற்றா என் கையிலிருந்து பட்டை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அலசுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

அறைக்குள் அந்த அலுமாரி சுவரை மறைத்து நின்றது. பூட்டியிருந்தது. பக்கவாட்டில் இரண்டு புறமும் மும்மூன்று பித்தளைக் கைப்பிடிகள் புதிதாக அடித்திருந்தன. தூக்க வசதிக்கு என்று எண்ணிக்கொண்டேன். அவள் சேலைகளோ கொடியிலும் ஒரு சூட்கேசிலும் கிடந்தன. அப்படியானால் உள்ளே என்ன? விருந்துப் பக்கம் எழுதிய புத்தி உடனே விழித்துக்கொண்டது. ஒருவேளை நான் எழுதியது பொய் இல்லையோ, உள்ளே பாட்டில் இருக்குமோ என்றுகூட நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

பின்னேரம் வளவில் கூட்டம். வாரம் ஒரு நாள் அவள் வைக்கும் பிரார்த்தனை. கடற்றொழிலாளி, மாட்டுக்காரி, கள்ளுச் சீவுகிறவர், சைவக்காரர், கிறிஸ்தவர் எல்லாரும் வந்தார்கள். யார் எங்கே என்று கமலினி விரலால் காட்டினாள். கூட வந்தவர் பக்கத்தில் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த பாட்டையோ வேண்டுதலையோ சொன்னார்கள். பிறகு தேநீர். ஆழ்வார்பேட்டை விருந்தேதான். இங்கே மட்டும் யாரும் சீக்கிரம் கிளம்பவில்லை.

"அண்ணை, இதில இருங்கோ" என்று கள்ளுச் சீவுகிறவருக்குப் பக்கத்துக் கதிரையைக் காட்டினாள். சிவராசா உட்காரவில்லை. கூட்டம் முடியும்வரை பனையில் சாய்ந்து நின்றார். அந்தக் கதிரை காலியாகவே இருந்தது. எல்லோரும் அதைப் பார்க்காததுபோலப் பார்த்தார்கள். எனக்கு எப்போது எழுந்து போவோம் என்று இருந்தது.

எல்லாரும் போன பிறகு சொன்னார்.

"கமலி, ஸ்பீட் போட் பேசியிருக்கிறன். குறிகட்டுவானுக்கு இருபத்தெட்டு நிமிசம். அங்கையிருந்து வான். ஒரு மணித்தியாலத்துக்குள்ள கரம்பொன்."

அவள் வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை இறக்கினாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் கண்ணில் பயத்தைப் பார்த்தேன்.

"எட்டுத் தரம் கணக்குப் பாத்தேன், சுமதி" என்றாள் என் பக்கம் திரும்பி. "ஒரு தரம்கூட ஒரு மணிக்குக் குறையல. அத நம்பித்தான் வாக்குக் குடுத்தேன். பெரிய படகு மட்டும்தான் என் கண்ணுல பட்டுது. என்ன அகம்பாவம் பாரு."

"வாக்கைத் திருப்பி வாங்கிக்கலாமே. உங்க அண்ணன்தானே."

"குடுத்தது நானு." கோப்பையைக் கீழே வைத்தாள். "அண்ணை, நாளைக்கு ஓடிப் பாருங்கோ. சுமதி மணி பாக்கட்டும். அவள் சொல்லுறதை ரெண்டு பேரும் ஏற்கவேணும்."

"ஓம். இந்தப் பிள்ளை சொல்லுறது எனக்குச் சரி."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பொய் எழுதிப் பிழைத்தவளின் வாயில் கொண்டுவந்து தங்கள் வழக்கை வைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மாவிலித்துறை. போனைப் பொலித்தீனில் சுற்றி, அதில் இருந்த ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். படகு தண்ணீரைத் தொட்டதைவிடக் காற்றில் இருந்த நேரம்தான் அதிகம். விழும் ஒவ்வொரு முறையும் முதுகெலும்பு தலைக்கு ஏறியது. மெரினாவில் அலை காலை நனைத்தாலே பின்வாங்குகிறவள் நான். உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்தது. சிவராசா முன் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். திருநீறு கரைந்து கன்னத்தில் வழிந்தது.

குறிகட்டுவானில் வேன் இயந்திரம் ஓடியபடி நின்றது. ஏறிக் கதவைச் சாத்துமுன் புறப்பட்டுவிட்டது. பாலம், கடல், பாலம். வேலணையில் மாட்டுக் கூட்டம் ஒன்று தெருவைக் கடந்தது. சாரதி ஹார்னில் இருந்து கையை எடுக்கவில்லை. நான் மனதுக்குள் கெஞ்சினேன், 'நில்லு தாயே, அசையாதே.' ஒரு கறுப்புப் பசு அப்படியே நின்று என்னைப் பார்த்தது. அதைக் கும்பிட்டேன். பிறகு அதுவும் போய்விட்டது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

கரம்பொன் சுடலை வாசலில் வேன் நின்றது. அழுத்தினேன். ஐம்பத்தெட்டு நிமிடம், இருபது வினாடி.

"எவ்வளவு?"

"அவங்க முன்னாடி சொல்றேன், ஐயா."

"சரி." அவர் வற்புறுத்தவில்லை. தன் போனையும் எடுத்துப் பார்க்கவில்லை. இறங்கி, சுடலைச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "சின்னனில இவளைக் காலிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். மடியில வைச்சுக்கொண்டு ரயிலில. பிறகு மெட்ராசுக்குக் கப்பலேத்தி விட்டதும் நான்தான். ஒவ்வொரு தரமும் கொண்டுபோய் விட்டதுதான், பிள்ளை. ஒருக்காலும் வீட்டை கூட்டிக்கொண்டு வரேல்லை."

அதுவரை அவர்மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது. கோபம் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பும் படகில் நான் முடிவு செய்தேன். அறுபத்து மூன்று என்று சொல்லிவிடுவது. போனில் இருந்ததை அழித்துவிட்டேன். அவளைக் கெடுக்க ஒரு பொய் சொன்னேன். காப்பாற்ற ஒன்று சொன்னால் கணக்கு நேராகிவிடும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். நாலு வரிப் பொய்யைக் கூசாமல் எழுதியவளுக்கு இந்த ஒரு எண் ஏனோ நாக்கில் நிற்கவில்லை.

துறையிலிருந்து லாண்ட்மாஸ்டரில் குலுங்கிக்கொண்டு வரும்போதுதான் பளிச்சென்று உறைத்தது. வீட்டிலிருந்து துறைக்கு வருவதற்கே இருபது நிமிடம் ஆகிறதே! நாங்கள் மணி பார்த்தது துறையிலிருந்து. அவள் இறக்கப்போவது வீட்டில். பொய்யே வேண்டாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிவராசா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கமலினி அறைக்குள், அலுமாரிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். உதட்டுச் சாயம் புதிதாக இருந்தது. றீற்றா நிலைப்படியில் நின்றாள்.

"சொல்லு. கெட்டில்ல இருந்ததைச் சொன்ன மாதிரி சொல்லாம, பாத்ததைச் சொல்லு."

அத்தனை வருடத்தில் அந்த நாலு வரியை அவள் வாயிலிருந்து கேட்டது அன்றுதான்.

"ஐம்பத்தெட்டு நிமிஷம்" என்றேன். அவள் கண்ணை மூடினாள். நான் விடவில்லை. "ஆனா அது துறையிலிருந்து! இந்த வீட்டிலிருந்து துறைக்கு இருபது நிமிஷம். மொத்தம் எழுபத்தெட்டு. ஒரு மணிக்கு மேல!"

சிவராசாவின் தலை தாழ்ந்தது. அவர் அதை நினைத்திருக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். "ஓம். வீட்டை நான் எண்ணேல்லை" என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று நான் கமலினியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"இல்ல சுமதி. கணக்கு வீட்டிலிருந்து இல்ல, ஊர் எல்லையிலிருந்து. இந்தத் தீவுக்கு எல்லை துறைதான்." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நீங்கள் வெண்டிட்டியள், அண்ணை."

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பத்து மாதம் ஒரு தீவில் வந்து கிடந்தது இதைச் சொல்லத்தானா?

சிவராசா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரியவந்திராது."

"ஓம்."

"பிறகேன் சொன்னனீ?"

"எனக்குத் தெரியுமே."

அவர் எழுந்தார். "சரி. இனி இந்தத் தீவில கிடந்து என்ன? திறப்பைத் தா. உன்ர சீலையளை அடுக்குவம். போட் துறையிலதான் நிக்குது. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"அதுக்குள்ள சீலை இல்லை, அண்ணை" என்று சொல்லிக்கொண்டே சாவியை நீட்டினாள்.

அவர் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன். பாட்டில் இல்லை. ஒன்றுமே இல்லை. தட்டுகள் எல்லாம் கழற்றப்பட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே வெறுமை. மரம் மட்டும் தேய்த்து மெருகேற்றி மின்னியது. பன்னீர் வாசம் வந்தது. சிவராசா உள்பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் இருந்த கைப்பிடிகளைத் தொட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. சுற்றி மறுபக்கம் போனார். ஆறாவது கைப்பிடியில் அவர் கை நின்றுவிட்டது.

"இதுக்கோ என்னட்டைக் கேட்டு வாங்கினனீ?"

"கெட்டி மரமா இருக்கவேணும் எண்டு விதி. அப்பாவின்ர மரத்தைவிடக் கெட்டி எது?"

இந்த அலுமாரியை எட்டுப் பேர் தூக்கி வந்தபோது ஒரு படகே சிரித்தது. நானும் உள்ளே விஸ்கியைத் தேடினேன்.

சிவராசா சால்வையால் முகத்தை ஒருமுறை துடைத்தார். வாசல் பக்கம் திரும்பினார். "றீற்றா, போட்காரனைப் போகச் சொல்லி ஆளனுப்பும். இனித் தேவையில்லை. இவள் இஞ்சையே இருக்கட்டும்." பிறகு மரக்காலைக்காரராக மாறிவிட்டார். "கதவு ரெண்டையும் கழட்டிச் சேத்துத்தான் மூடி போடவேணும். இந்தக் கீல் உதவாது. நான் ஊரிலயிருந்து தச்சனைக் கூட்டிக்கொண்டு வாறன்." அலுமாரிக்குள் கையை விட்டுச் சாண் போட்டு அளந்தார். "உன்ர உயரம் என்ன?"

"அஞ்சடி அஞ்சு."

"எழும்பு. பாப்பம்."

உயிரோடு இருப்பவரை இப்படி அளப்பதைச் சைவக்காரர் யாரும் செய்யமாட்டார்கள். றீற்றா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஓடி வந்து கமலினியின் ஒரு கையைப் பிடித்தாள், மற்றக் கையை நான் பிடித்தேன். தூக்கி நிறுத்தி, அலுமாரியின் உள்பலகையில் முதுகு படும்படி சாய்த்தோம். அவள் தாடையை உயர்த்தி, படத்துக்கு நிற்பதுபோல நின்றாள்.

சிவராசா அவள் காலைப் பார்த்தார்.

"செருப்பைக் கழட்டு."

"அண்ணை..."

"கழட்டடி. என்னட்டையே பொய் உயரம் காட்டுறாய்?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஒவ்வொரு காலாகச் செருப்பை உதறினாள். எங்கள் கைகளுக்கு நடுவே அவள் இரண்டு விரல்கடை இறங்கியது எனக்குத் தெரிந்தது. சிவராசா சன்னலில் கிடந்த ஒரு பென்சிலை எடுத்து, அவள் உச்சந்தலைக்கு நேரே தகப்பனின் மரத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே சாண் வைத்துப் பார்த்தார்.

"காணும்" என்றார்.